புதன்கிழமை இன்மை அறிக்கை

அந்தப் படத்தைப் பார்த்ததும் அவள் சிரிக்கத்தான் செய்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அவள் பட்ட பாட்டைக் கேட்டு ஐயோ பாவம் என்று நீங்கள் உருகுவீர்கள். அப்போது, சிரித்தவளும் இவள்தான் என்பது ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை பத்தேகால் இருக்கும். பாலங்கள் பிரிவு அலுவலகத்தில் ஜன்னலோரம் மூன்றாவது மேஜை அவளுடையது. அறிக்கை எழுத்தர் வேலை. குடும்பக் குழுவில் கொழுந்தன் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஆற்றுக்கு அக்கரையில் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன் அவன். ஊரில் எது நடந்தாலும் முதலில் அவனுக்குத் தெரிந்துவிடும், நடக்காததும் சேர்த்துத்தான். படத்தில் இருந்தது பழைய பாலத்தின் மூன்றாவது தூண், கீழே படகில் நின்று எடுத்தது. தூணில் கோணலாக ஒரு விரிசல் ஓடியது. அளவு காட்டுவதற்காக யாரோ அதற்குள் கையை விட்டிருந்தார்கள். ‘படகுக்காரர் எடுத்தது. யாரும் பாலத்துப் பக்கம் போகாதீங்க’ என்று கொழுந்தன் கீழே எழுதியிருந்தான்.

இரண்டே நிமிடம். படத்துக்கு அடியில் சிவப்புக் கட்டம் வந்து விழுந்தது. ‘இது பொய்ச் செய்தி. பாலம் நல்ல நிலையில் உள்ளது. பகிர வேண்டாம்.’

பெரியப்பா வந்துவிட்டார்!

பெரியப்பா என்றால் ஆள் இல்லை. வதந்தியை ஒழிப்பதற்காக அரசாங்கம் வைத்திருக்கிற செயற்கை நுண்ணறிவு. அதற்கு நீளமாக ஓர் அரசாங்கப் பெயர் இருக்கிறது, யாருக்கு ஞாபகம்? எல்லா வீட்டுக் குழுவிலும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொண்டு, யார் எதைச் சொன்னாலும் ‘அதெல்லாம் கிடையாது’ என்று அதட்டுவதால் ஜனங்கள் அதற்குப் பெரியப்பா என்று பெயர் வைத்துவிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்லதும் செய்திருக்கிறது. பிள்ளை பிடிக்கிறவன் என்று ஒரு வழிப்போக்கரைக் கூட்டமாகத் துரத்தினார்களே, அப்போது அந்தச் செய்தியை ஊர் முழுக்க ஒரே நிமிடத்தில் நிறுத்தி அந்த மனுஷனின் உயிரைக் காப்பாற்றியது அதுதான். அதனால் ஜனங்களுக்கு அதன்மேல் எரிச்சல் பாதி, மரியாதை பாதி. மூன்று தடவை பொய்ச் செய்தி அனுப்பினால் ஒரு நாள் முழுக்க யாருக்கும் செய்தி அனுப்ப முடியாது, வாயைக் கட்டிவிடும்.

‘என்ன தம்பி, பெரியப்பா காதைத் திருகிட்டாரா?’ என்று அவள் குழுவில் எழுதினாள். விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மைகள் மூன்றைச் சேர்த்தாள்.

‘கை உள்ள போகுது அண்ணி. நிஜமாத்தான் சொல்றாங்க’ என்றான் கொழுந்தன்.

‘உங்க படகுக்காரருக்கு வேற வேலை இல்ல, உங்களுக்கும் இல்ல. எனக்கு இருக்கு’ என்று எழுதிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

பத்து ஐம்பதுக்குக் கணவர் கூப்பிட்டார். அரசு பஸ் ஓட்டுநர். பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தப் பழைய பாலம் வழியாக அக்கரைக்குப் போய் வருவதுதான் அவருடைய தடம், ஒரு நாளைக்கு ஆறு நடை.

“வேலையா இருக்கியா?”

“தலைக்கு மேல இருக்கு. சொல்லுங்க.”

“பாலத்துல ஏதோ விரிசல்னு பேசிக்கறாங்க. உங்க ஆபீஸ்தானே அதப் பாக்குது? என்னன்னு கேட்டுச் சொல்லேன். பதினொன்னேகால் டிரிப்பு எனக்கு.”

“அட, உங்க தம்பி கெளப்பிவிட்டதா? அது பொய்னு பெரியப்பாவே சொல்லியாச்சு.”

“அது இருக்கட்டும். நீ கேட்டியா?”

“கேக்கறதுக்கு என்னங்க இருக்கு? நான் இங்கதானே உக்காந்திருக்கேன்? ஒண்ணுன்னா எனக்குத் தெரியாமப் போயிடுமா? பாலம் கல்லு மாதிரி நிக்குது. பேசாம வண்டிய எடுங்க.”

அவருக்குப் பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல் கேட்டது. “சரிம்மா” என்று சொல்லி வைத்துவிட்டார். இவளும் அதோடு மறந்துவிட்டு, போன மாதக் கோப்புகளை எண் போட்டு அடுக்க ஆரம்பித்தாள்.

பதினொன்று இருபதுக்குத் தபால் பிரிவு அண்ணன் கடிதக் கட்டோடு வந்தார். ஆபீசில் எல்லாருக்கும் அவர் தபால் அண்ணன். கட்டை மேஜையில் வைத்துவிட்டு, “ஏம்மா, பாலம் விரிசலாமே? என் மச்சான் வீட்ல பயந்துபோய் கெடக்காங்க. பெரியப்பா இல்லேங்குறார். எத நம்புறது?” என்றார்.

“இங்க வாங்கண்ணே, படிச்சே காட்டறேன்” என்று அவள் ஃபோனை எடுத்து அந்தச் சிவப்புக் கட்டத்தைத் தொட்டாள். கட்டம் விரிந்தது. கீழே பொடி எழுத்தில் இன்னும் நாலு வரி இருந்தது. அந்த வரிகளை ஊரில் யாரும் படிப்பதில்லை, இவளும் இதுவரை படித்ததில்லை. இப்போது தபால் அண்ணனுக்காகச் சத்தம் போட்டுப் படித்தாள்.

“ஆதாரம்: பாலங்கள் பிரிவு அலுவலகம். இன்று காலை 9.54 மணிக்குப் பெறப்பட்ட அறிக்கை. இந்த ஆதாரத்தின் நம்பகத்தன்மை நூற்றுக்கு நூறு. கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த அலுவலகத்தின் அறிக்கை ஒருமுறைகூடத் தவறாக இருந்ததில்லை.”

“பாத்தியா, நம்ம ஆபீஸ்தான்!” என்று தபால் அண்ணன் பெருமையாகத் தலையாட்டினார்.

அவள் தலையாட்டவில்லை. 9.54 என்கிற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்மை அறிக்கை என்றால் என்னவென்று இங்கே சொல்லியாக வேண்டும். எல்லா அலுவலகமும் தினமும் காலை பத்து மணிக்குள் ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். எங்காவது சேதம், விபத்து, பழுது இருந்தால் எழுத வேண்டும். ஒன்றும் இல்லையென்றால், ‘இன்மை’ என்று எழுதி அனுப்ப வேண்டும். சும்மா இருந்துவிடக் கூடாது. ஒன்றும் இல்லை என்பதையும் தினம் தினம் எழுத்தில் சொன்னால்தான் அரசாங்கத்துக்குத் தூக்கம் வரும். பத்து மணி தாண்டிவிட்டால் அலுவலகத்தின் பெயருக்கு நேரே கறுப்புப் புள்ளி விழும், மேலிடத்திலிருந்து பொறியாளருக்கு டோஸ் விழும், பொறியாளரிடமிருந்து இவளுக்கு விழும். இந்த அலுவலகத்தின் கீழ் நாற்பத்தொரு பாலங்கள். ஒவ்வொன்றையும் சாலை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்துவிட்டு ஒன்பதரைக்குள் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆரம்பத்தில் சொன்னார்கள். தினமும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். இவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கண்டுபிடித்த வழிதான் வெள்ளிக்கிழமை வழி. வெள்ளிக்கிழமை மத்தியானம் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அப்போதே அடுத்த வாரத்தின் ஐந்து நாளைக்கும் ஐந்து அறிக்கை எழுதி, அந்தந்தக் காலையில் தானாகப் போகும்படி நேரம் குறித்து வைத்துவிடுவாள். எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் வைத்தால் மாட்டிக்கொள்வோம் என்று திங்கள் 9.47, செவ்வாய் 9.58, புதன் 9.54 என்று மாற்றி மாற்றி வைப்பாள். இதில் அவளுக்குத் தான் ஒரு கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு. பக்கத்து அலுவலகத்து எழுத்தர்கள் இரண்டு பேருக்கு இதைச் சொல்லியும் கொடுத்திருக்கிறாள்.

இந்த வாரத்து 9.54-ஐ அவள் எழுதி ஐந்து நாள் ஆகிறது. எழுதும்போது தொலைபேசியில் நாத்தனாரோடு புடவை பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

அட தெய்வமே! பெரியப்பா சொல்லிவிட்டார் என்றுதானே அவள் கணவரிடம் அடித்துச் சொன்னாள்? பெரியப்பா யாரைக் கேட்டுச் சொன்னது? இவளைக் கேட்டு! இவள் பாலத்தைப் பார்த்தாளா? பார்த்ததே இல்லை. உலகத்தில் ஒருத்தர்கூட அந்தப் பாலத்தைப் பார்க்கவில்லை, படகுக்காரர் ஒருத்தரைத் தவிர. பார்த்த அந்த ஒருத்தரைத்தான் பொய்யர் என்று ஊர் முழுக்கச் சிவப்புக் கட்டம் கட்டியாயிற்று.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி ஆயிட்ட?” என்றார் தபால் அண்ணன்.

அவள் அந்தப் பாலத்தைப் பார்க்க வேண்டிய சாலை ஆய்வாளரைக் கூப்பிட்டாள்.

“சொல்லுக்கா.”

“பழைய பாலத்த நீங்க போய்ப் பாத்தீங்களா?”

“ஒம்பதரைக்கே படகுக்காரர் ஃபோன் பண்ணினாருக்கா. பாத்துடலாம்னு வண்டிய எடுத்தேன். பாதி வழி போறதுக்குள்ள பெரியப்பா பொய்னு போட்டுட்டார். நம்ம ஆபீஸ் ரிப்போர்ட்னு வேற போட்டிருந்துச்சு. சரி, நமக்கு முன்னாடியே யாரோ போய்ப் பாத்துட்டாங்கன்னு திரும்பிட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி அவரே கேட்டார், “யாருக்கா பாத்தது?”

அவள் ஃபோனை வைத்துவிட்டு விழுந்தடித்துக்கொண்டு உதவிப் பொறியாளரின் அறைக்குள் ஓடினாள்.

உதவிப் பொறியாளர் சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷர், கோபம் வந்தால் தண்ணீர் குடிப்பார். அவள் ஒன்றையும் பூசி மெழுகவில்லை. வெள்ளிக்கிழமை, நேரம் குறித்தது, மூன்று வருஷம், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள். அவர் தண்ணீர் குடிக்கக்கூட இல்லை.

“மூணு வருஷமா?” என்றார்.

“சார், திட்டுறத அப்புறம் திட்டுங்க. அவர் பஸ்ஸு பதினொன்னேகாலுக்குக் கெளம்பியாச்சு. பதினொன்னு அம்பதுக்குப் பாலத்துல இருக்கும். எங்க வீட்டுக்காரர் சார்!”

மணி பதினொன்று இருபத்தெட்டு. அவர் கணினியில் இன்றைய அறிக்கையைத் திறந்து ‘இன்மை’யை அழித்துவிட்டு, ‘மூன்றாவது தூணில் விரிசல், போக்குவரத்தை நிறுத்தவும்’ என்று அடித்தார். ஏற்கவில்லை. ‘தங்கள் தகவல் தங்கள் அலுவலகத்தின் இன்றைய அறிக்கைக்கு முரணாக உள்ளது. படம் இணைக்கவும்’ என்றது திரை. அவள் ஃபோனிலிருந்த படகுக்காரரின் படத்தை இணைத்தார்கள். சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது.

‘இந்தப் படம் பொய் என்று ஏற்கெனவே உறுதி செய்யப்பட்டுள்ளது. உறுதி செய்தவர்: தங்கள் அலுவலகம்.’

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உதவிப் பொறியாளர் உதவி மையத்துக்குக் கூப்பிட்டார். எடுத்ததும் பெரியப்பாதான். இனிமையான குரலில், இவள் எழுதிய அறிக்கையையே அவருக்குப் படித்துக் காட்டியது. அவர் மறுத்துப் பேசப் பேச, அதுவும் பொறுமையாகத் திரும்பத் திரும்பப் படித்தது.

அவள் கணவருக்குக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வண்டி ஓட்டும்போது ஃபோனை அணைத்துவிட வேண்டும் என்பது விதி. விதியை மீறாத மனுஷர் அவர். இவளுக்கு வாய்த்த புருஷன் அப்படி, அவருக்கு வாய்த்த பெண்டாட்டி இப்படி! பஸ் ஸ்டாண்டு நேரக் காப்பாளருக்குக் கூப்பிட்டாள். “வண்டி போயி கால் மணி நேரம் ஆச்சும்மா. கண்டக்டர் புது ஆளு, நம்பர் இல்ல. அதுவுமில்லாம பாலம் நல்லாருக்குன்னு உங்க ஆபீஸே சொல்லியிருக்கே? படிச்சுக் காட்டவா?” என்றார் அவர்.

“படிக்காதீங்க!” என்று அவள் கத்தினாள்.

குழுவில் எழுதினாள். ‘தம்பி சொன்னது நிஜம். பாலம் விரிசல். யாரும் போகாதீங்க.’ இந்த முறை இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அவள் எழுத்துக்கு அடியிலேயே சிவப்புக் கட்டம் விழுந்தது. மறுபடி எழுதினாள், மறுபடி விழுந்தது. கொழுந்தன், ‘என்ன அண்ணி, இப்ப உங்க காதா?’ என்று சிரிக்கிற பொம்மை போட்டான். மூன்றாவது முறை எழுதியபோது, நாளைப் பகல் பதினொன்று முப்பத்தாறு வரை செய்தி அனுப்ப அவளுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. காரணம் கேட்டால் ஆதாரம் காட்டும். ஆதாரத்தைத் தொட்டுப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

“நான் கலெக்டர் ஆபீசுக்கு நேர்ல போறேன். அங்க மனுஷங்க இருப்பாங்க” என்று உதவிப் பொறியாளர் எழுந்து ஓடினார்.

“அண்ணே, உங்க ஸ்கூட்டர்!” என்றாள் அவள். பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்த தபால் அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் படியிறங்கினார்.

வழியெல்லாம் அவள் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு, வேகமா, வேகமா என்று சொல்லிக்கொண்டே போனாள். பள்ளிக்கூடச் சந்தில் ஒரு குப்பை லாரி குறுக்கே நின்றது. மூன்று நிமிடம் போயிற்று. அந்த மூன்று நிமிடத்தில் அவள் எத்தனை தெய்வத்தைக் கூப்பிட்டாள், எத்தனை முறை தன்னையே சபித்தாள் என்று கணக்கில்லை. கல்லு மாதிரி நிக்குது, கல்லு மாதிரி நிக்குது என்று தன் குரலே காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

பாலத்து முனையில் ஒரு போக்குவரத்துக் காவலர் நிழலில் நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் இரண்டு இரும்புத் தடுப்புகள் ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கார், ஸ்கூட்டர், சரக்கு வண்டி என்று எல்லாம் அதது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் ஸ்கூட்டரிலிருந்து குதித்து, நேரே நடுரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள். ஒரு கார் கீச்சென்று பிரேக் போட்டது. ஓட்டி வந்தவர் தலையை வெளியே நீட்டி, இங்கே எழுத முடியாத ஒன்றைச் சொன்னார்.

காவலர் ஓடிவந்தார். “ஏம்மா, சாகறதுக்கு வேற எடம் கெடைக்கலியா?”

“பாலம் விரிசல் விட்டிருக்கு சார். தடுப்பப் போடுங்க!”

“ஓ, அதுவா? படகுக்காரர் சொன்னார்னு காலையில நானும்தான் தடுப்பப் போட்டேன். அரை மணி நேரம் எல்லார்கிட்டயும் ஏச்சு வாங்கினேன். அப்புறம் பெரியப்பா பொய்னு சொன்னதும் எடுத்துட்டேன். இந்தா பாரு.” ஃபோனைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே காட்டினார். “அரசாங்கமே சொல்லியாச்சும்மா, பாலம் நல்லாருக்குன்னு.”

“எந்த அரசாங்கம் சார்? அந்த அரசாங்கம் நான்தான்!”

நின்ற வண்டிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தர் படம் பிடிக்க ஆரம்பித்தார். பாவம், வெயில் ஏறிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அவளுக்கு வெட்கமோ மானமோ எதுவும் தோன்றவில்லை. அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் காவலரின் கையில் திணித்தாள்.

“படிங்க. பாலங்கள் பிரிவு, அறிக்கை எழுத்தர். அந்த ஒம்பது அம்பத்துநாலு ரிப்போர்ட்ட எழுதினவ நான். பாக்காம எழுதினேன். போன வெள்ளிக்கெழமையே எழுதிட்டேன். ஒருத்தரும் வந்து பாக்கல சார், சத்தியமா ஒருத்தரும் பாக்கல!”

சிரிப்பு நின்றுவிட்டது. காவலர் அட்டையைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். எதை நம்புவது என்று அந்த மனுஷருக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அந்த பஸ் வளைவில் திரும்பி வந்தது. படிக்கட்டு வரைக்கும் ஆள், கல்லூரிப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் பாதிக்குமேல். நடுரோட்டில் தன் மனைவி தலைவிரிகோலமாக நிற்பதைப் பார்த்து அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவந்தார்.

“என்னம்மா? வீட்ல யாருக்கும் ஏதாவதா?”

“பாலத்துல போகாதீங்க.” அதற்குமேல் அவளுக்கு அழுகைதான் வந்தது.

இதற்குள் கரையிலிருந்து படகுக்காரர் மேலே ஏறி வந்திருந்தார். காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஆள். “பேசிக்கிட்டே இருங்க. கீழ வந்து பாக்கறதுக்கு மட்டும் ஒருத்தனுக்கும் வழி தெரியாது” என்றார்.

அவள் போனாள். கணவரும் காவலரும் பின்னாலேயே இறங்கினார்கள். படகு மூன்றாவது தூணடியில் போய் நின்றது. மூன்று வருஷமாக எழுநூறு தடவைக்குமேல் நல்ல நிலையில் உள்ளதாக அவள் எழுதிக் கொடுத்த பாலத்தை அப்போதுதான் முதல்முறையாகக் கீழேயிருந்து பார்த்தாள். படத்தில் தெரிந்ததைவிடப் பெரிதாக இருந்தது. படகில் எழுந்து நின்று எட்டிக் கையை விட்டாள். மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. அந்த நேரம் பார்த்து அக்கரையிலிருந்து ஒரு பால் டேங்கர் லாரி தலைக்கு மேலே கடகடவென்று வந்தது. விரிசல் அவள் கையை மெல்ல நெரித்தது. லாரி கடந்து போனதும் விட்டது. அவள் அலறிய அலறல் இரண்டு கரைக்கும் கேட்டது. கையை வெளியே இழுத்தபோது புறங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது.

“இது அசையுதுங்க! அசையுது!”

காவலர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கணவர்தான் முதலில் சுதாரித்தார். ஃபோனைப் போட்டுத் தம்பியைக் கூப்பிட்டார். “டேய், அண்ணி சொல்றது நிஜம்டா. கேள்வி கேக்காத. கடையில நிக்கிற டிராக்டர எடுத்துட்டுப் போயி அந்த முனையில பாலத்துக்குக் குறுக்க நிறுத்து. எவன் திட்டினாலும் எடுக்காத!” என்றார். கரைக்கு வந்ததும் இந்த முனையில் பஸ்ஸைக் குறுக்கே போட்டார். ஃபோனை நீட்டி, பொய்ச் செய்திக்கெல்லாம் வண்டியை நிறுத்துவதா, பரீட்சைக்கு நேரமாச்சு என்று சண்டைக்கு வந்த பிள்ளைகளிடம், “அந்தச் செய்திய எழுதினவ என் பொண்டாட்டி. அவளே பொய்னு சொல்றா. எறங்குங்க” என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது.

பகல் ஒன்று பத்துக்கு மூன்றாவது தூண் உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. பாலத்தின் நடுப்பகுதி முதலில் கொஞ்சம் தொங்கியது, பிறகு அப்படியே ஆற்றுக்குள் இறங்கியது. புழுதி எழும்பிக் கரையில் நின்றவர்களின் தலையில் படிந்தது. இரண்டு கரையிலும் நூறு நூறு பேர் இருப்பார்கள். எல்லாரும் படம் பிடித்திருந்தார்கள். எல்லாரும் அனுப்பினார்கள். இரண்டு நிமிடம் கழித்து அத்தனை ஃபோனும் ஒரே நேரத்தில் டிங்கென்றது.

‘இது பொய்ச் செய்தி. பாலம் நல்ல நிலையில் உள்ளது.’

ஜனங்கள் ஃபோனைப் பார்த்தார்கள், ஆற்றைப் பார்த்தார்கள். நியாயமாக அப்போது சிரிப்பு வந்திருக்க வேண்டும். யாருக்கும் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண்பிள்ளை பரீட்சை அட்டையைக் கையில் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கி அழுதாள். காவலர், தான் அனுப்பிய படத்துக்குக் கீழேயிருந்த சிவப்புக் கட்டத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருந்தார்.

கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஜீப்புகள் வந்தன. உதவிப் பொறியாளர் இறங்கி, விழுந்து கிடக்கிற பாலத்தைப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவளை விசாரிக்க வேண்டும், எங்கும் போகக் கூடாது என்று ஓர் அதிகாரி சொன்னார். சரி என்றாள். வேலை போகும், ஒருவேளை ஜெயிலுக்கும் போக நேரும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதெல்லாம் வேறு யாருக்கோ நடக்கப்போவது போல இருந்தது. கணவர் பஸ்ஸில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுவந்து அவளுடைய புறங்கையைக் கழுவிவிட்டார். கைக்குட்டையால் கட்டினார்.

“பெரியப்பா அவ்வளவு உறுதியா சொன்னதாலதாங்க நானும்...” என்று அவள் ஆரம்பித்தாள்.

“அந்தச் சிவப்புக் கட்டத்தக் கண்டக்டர் எனக்குக் காலையிலேயே காட்டிட்டான்” என்றார் அவர். முடிச்சைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். “எனக்கு மனசு ஒப்பல. வண்டிய எடுக்க மாட்டேன், எழுதிக் குடுத்துட்டுப் போறேன்னு நேரக் காப்பாளர்கிட்ட சொல்லிட்டேன். எதுக்கும் உன்ன ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னுதான் ஃபோன் போட்டேன்.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“நீ பாத்துட்டுத்தான் சொல்றேன்னு நெனச்சு எடுத்தேன்” என்றார். முடிச்சை இறுக்கிவிட்டு, இறக்கிவிட்ட ஐம்பத்தெட்டுப் பேரை வீடு சேர்க்க வேறு வண்டி கேட்பதற்காக நடந்தார்.